ராமேஸ்வரத்தில் கடலோரப் பழைய வீடு விற்பனை: இடித்துக் காலிமனையாக விற்பதா, வீட்டோடு விற்பதா?

சேதுக்கரை76:

வணக்கம். ராமேஸ்வரம் நகராட்சி எல்லைக்குள் ஒரு வீட்டை விற்க வேண்டும். விவரம்: பத்திரப்படி 7 சென்ட். 1986-ல் கட்டிய தரைத்தளக் கான்கிரீட் வீடு. பின்கட்டு அதைவிடப் பழையது, சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவர். ஒரு கிணறு உண்டு. கடல் சுமார் 150 மீட்டர் தூரம். 1979 கிரையப் பத்திரம் அப்பா பெயரில். அவர் காலமாகிவிட்டார், உயில் எழுதவில்லை. அம்மா, இரண்டு மகன்கள், ஒரு மகள் இருக்கிறோம். மகள் சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்று அங்கேயே இருக்கிறார்.

கேட்க வேண்டியவை:

தரகர், "வீட்டை இடிச்சுத் தள்ளி காலிமனையாக் குடுங்க, லாட்ஜ் கட்டுற பார்ட்டி நல்ல விலைக்கு எடுப்பாங்க" என்கிறார். செய்யலாமா?

முன் அறையில் கூரைக் காரை விழுந்து கம்பி தெரிகிறது. பூசி வெள்ளையடித்துக் காட்டினால் போதுமா?

காகிதங்களை எந்த வரிசையில் தயார் செய்வது? வரி எப்படி வரும்?

---

அலைக்கோடு:

மற்றதெல்லாம் அப்புறம். வீட்டை இடிக்காதீர்கள். தரகர் சொல்லும் யோசனை மதுரையிலோ திருச்சியிலோ சரியாக இருக்கலாம். கடலில் இருந்து 150 மீட்டரில் அது உங்கள் சொத்தின் பாதி மதிப்பை நீங்களே உடைத்துப் போடுவதற்குச் சமம்.

காரணம் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, அதாவது சி.ஆர்.இசட். உயர் ஓதக் கோட்டில் (ஓதம் உயரும்போது கடல்நீர் எட்டும் எல்லைக்கோடு) இருந்து 500 மீட்டர் வரை அதன் கட்டுப்பாட்டில் வரும். உங்கள் மனை எந்த வகை என்பதைப் பொறுத்து விதி மாறும்.

நகராட்சிக்குள் இருந்து, சுற்றிலும் வீடும் சாலையும் நெருக்கமாக இருக்கும் பகுதி என்றால் பெரும்பாலும் இரண்டாம் வகை. அங்கே புதுக் கட்டடம் ஏற்கெனவே இருக்கும் சாலைக்கோ அனுமதி பெற்ற கட்டடத்துக்கோ நிலப்பக்கமாகத்தான் வரலாம். அனுமதி பெற்ற பழைய கட்டடத்தைத் திரும்பக் கட்டலாம், ஆனால் பயன்பாட்டை மாற்றாமல். வீடு இருந்த இடத்தில் வீடு. லாட்ஜ் என்றால் அது வேறு விண்ணப்பம், கிடைக்கும் என்று யாரும் முன்கூட்டியே வாக்குக் கொடுக்க முடியாது.

நகராட்சி எல்லைக்குள் இருப்பதால் மட்டும் இரண்டாம் வகை ஆகிவிடாது. கட்டடம் அடர்த்தியாக இல்லாத பகுதி மூன்றாம் வகையில் விழும். அதில் கடலை ஒட்டிய பகுதி வளர்ச்சி தடைசெய்யப்பட்ட பகுதி. 2011 அறிவிக்கைப்படி அது 200 மீட்டர். 2019 அறிவிக்கையில், 2011 கணக்கெடுப்பின்படி சதுர கிலோமீட்டருக்கு 2161 பேருக்கு மேல் மக்கள் இருக்கும் இடங்களுக்கு 50 மீட்டர், மற்ற இடங்களுக்கு 200. இந்தப் பகுதிக்குள் காலிமனையில் புதுவீடு கட்ட முடியாது. ஏற்கெனவே அனுமதியோடு இருக்கும் கட்டடத்தைப் பழுது பார்க்கலாம், அல்லது அதே அடித்தளப் பரப்பு, அதே தளப் பரப்பு விகிதத்துக்கு (மொத்தத் தளப் பரப்புக்கும் மனைப் பரப்புக்கும் உள்ள விகிதம்) மிகாமல் திரும்பக் கட்டலாம். அவ்வளவுதான்.

இப்போது புரியும். அங்கே நிற்கும் பழைய வீடுதான் வாங்குகிறவருக்குக் கட்டும் உரிமையைக் கொடுக்கிறது. இடித்துவிட்டால் "இங்கே இவ்வளவு அளவில் வீடு இருந்தது" என்று பிறகு நிரூபிக்கும் வேலை அவர் தலையில் விழும். விஷயம் தெரிந்தவர் வாங்க மாட்டார். தெரியாமல் வாங்கினவர் பிறகு உங்கள் மேல் வழக்குப் போடுவார்.

முதல் சி.ஆர்.இசட். அறிவிக்கை வந்த தேதி 1991 பிப்ரவரி 19. உங்கள் வீடு 1986. இது பெரிய பலம், ஆனால் தாளில் காட்ட வேண்டும். அப்போதைய உள்ளாட்சி கொடுத்த கட்டட அனுமதி வரைபடம் கிடைத்தால் அதைவிட நல்ல சான்று இல்லை. கூடவே 1991-க்கு முந்தைய வீட்டு வரி ரசீதுகள், மின் இணைப்பு கொடுத்த ஆண்டைக் காட்டும் ஆவணம், கட்டட அளவு எழுதிய வரிவிதிப்புப் பதிவேட்டு நகல் ஆகியவற்றையும் சேருங்கள். இவற்றைப் பழைய பெட்டியில் தேடுவதற்கு ஒரு வாரம் செலவழித்தாலும் தகும். ரசீது மட்டும் இருந்து அனுமதி இல்லை என்றால் நிலைமை பலவீனம். அதை மறைக்காமல் வாங்குகிறவரிடம் சொல்லிவிடுங்கள்.

வகை தெரியக் கடலோர மண்டல மேலாண்மைத் திட்ட வரைபடத்தைப் பார்க்க வேண்டும். அதில் 1:25,000 அளவில் ஒரு மனை கடுகளவு கூடத் தெரியாது. சந்தேகம் இருந்தால், அங்கீகரிக்கப்பட்ட நிறுவனத்திடம் சர்வே எண்ணோடு 1:4,000 அளவு வரைபடம் வாங்குங்கள். சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் தொலையுணர்வு நிறுவனம் அப்படிப்பட்டது. தூரத்தை நீங்கள் கரையில் நின்று தண்ணீர் விளிம்பில் இருந்து அளப்பது கணக்கில் வராது. உயர் ஓதக் கோடு அதற்கு உள்ளே, நிலப்பக்கம் இருக்கும். 150 என்று நினைப்பது 120 ஆகலாம்.

---

வில்லங்கப்பார்வை:

அலைக்கோடு சொன்னது முழுக்கச் சரி. காகித வரிசையை நான் சொல்கிறேன்.

ராமேஸ்வரம் போன்ற கோயில் ஊரில் முதல் கேள்வி வில்லங்கம் இல்லை. நிலம் யாருடையது என்பதுதான். வீட்டு வரியும் மின் இணைப்பும் குடும்பத்தின் பெயரில் இருக்கும், கிரையப் பத்திரம் கூட இருக்கும். ஆனால் அடிமனை கோயிலுக்கோ மடத்துக்கோ கட்டளைக்கோ (கோயில் பூசைக்காக விட்ட அறக்கொடை) சொந்தமாக இருக்கலாம். வில்லங்கச் சான்று பதிவான பத்திரங்களை மட்டும்தான் காட்டும். கோயில் தன் நிலத்தைப் பதிவு செய்து வாங்கியிருக்காது, ஆகவே அதில் வராது. "வில்லங்கம் இல்லை" என்ற தாளைக் கையில் வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கக் கூடாது.

பார்க்க வேண்டியது வருவாய்த் துறையின் நிலப் பதிவேடான அ-பதிவேடும், நகர அளவை முடிந்த பகுதி என்றால் நகர நில அளவைப் பதிவேடும். இரண்டும் வருவாய்த் துறையின் இணையச் சேவையில் கிடைக்கும். உரிமையாளர் இடத்தில் தேவஸ்தானம், மடம், சத்திரம், அரசு, புறம்போக்கு என்ற சொல் எதுவும் வருகிறதா என்று பாருங்கள். அடுத்து பதிவுத்துறைத் தளத்தில் உங்கள் சர்வே எண்ணுக்கு வழிகாட்டி மதிப்பு (பதிவுக்காக அரசு வைத்திருக்கும் நில மதிப்பு) என்ன என்று பாருங்கள். பூஜ்ஜியம் என்று காட்டினால் அந்த எண் முடக்கப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். பதிவுச் சட்டம் 22-அ பிரிவின்படி கோயில், வக்ஃபு, அரசு நிலம் தொடர்பான கிரையத்தைச் சார்பதிவாளர் மறுத்துவிடுவார். அறநிலையச் சட்டம் 34-ஆம் பிரிவுப்படி ஆணையரின் அனுமதி இல்லாமல் நடந்த கைமாற்றம் செல்லாது. அப்படி இருந்தால் உங்களுக்கு உரிமை கட்டடத்தில் மட்டும்தான். விற்பதற்கு முன் கோயில் நிர்வாகத்திடம் வாடகை நிலுவை, பெயர் மாற்றம் எல்லாம் பேச வேண்டும்.

நிலம் சொந்தம்தான் என்று உறுதியானதும் வாரிசு வேலை. வாரிசுச் சான்றிதழ் வாங்கி, எல்லா வாரிசுகளின் பெயரிலும் பட்டா மாற்றுங்கள். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மாவுக்கும் பிள்ளைகளுக்கும் சம பங்கு. பலர் தவறவிடுவது ஒன்று: அப்பா இறந்த அன்று அவருடைய தாயார் உயிரோடு இருந்திருந்தால் அவருக்கும் ஒரு பங்கு உண்டு. அவர் பின்னால் இறந்திருந்தால் அந்தப் பங்கு உங்கள் அத்தை, சித்தப்பா வரை போகும். தேதிகளைச் சரிபாருங்கள். கிறிஸ்தவக் குடும்பமாக இருந்தால் மனைவிக்கு மூன்றில் ஒன்று, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு. இஸ்லாமியக் குடும்பம் என்றால் கணக்கே வேறு.

மூன்றாம் நபருக்குத்தான் விற்கிறீர்கள் என்றால் உங்களுக்குள் விடுதலைப் பத்திரம் (ஒருவர் தன் பங்கை மற்றவருக்கு விட்டுக்கொடுக்கும் பத்திரம்) போட்டுச் செலவு செய்ய வேண்டாம். குடும்பத்துக்குள் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், உச்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 1 சதவீதம், உச்சம் 10,000. எல்லா வாரிசுகளும் ஒரே கிரையப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டால் இந்தச் செலவு மிச்சம்.

சிங்கப்பூரில் இருக்கும் தங்கை நேரில் வர முடியாவிட்டால் பவர், அதாவது தன் சார்பில் இன்னொருவர் கையெழுத்திட அதிகாரம் கொடுக்கும் பத்திரம். அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும். இந்தியா வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் மாவட்டப் பதிவாளரிடம் முத்திரை வைத்தாக வேண்டும். இந்தக் கெடுவைத் தவறவிட்டுத் திரும்ப முதலில் இருந்து ஆரம்பிப்பவர்கள் நிறைய. கிரையம் பதியும்போது பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்ற மருத்துவர் சான்றும் கேட்பார்கள். பவரில் "விற்க" என்று மட்டும் எழுதாமல், சர்வே எண், பரப்பு, முன்பணம் வாங்கும் அதிகாரம், ஒப்பந்தம் பதியும் அதிகாரம் எல்லாம் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள்.

1979 பத்திரத்தின் அசல் எங்கே? வாங்குகிறவர் வங்கிக் கடன் எடுப்பார் என்றால் அசல் இல்லாமல் நகராது. தொலைந்திருந்தால் போலீஸில் புகார், பத்திரிகை அறிவிப்பு, கண்டுபிடிக்க முடியவில்லை என்ற சான்று, சார்பதிவக நகல், எல்லாம் இப்போதே தொடங்குங்கள்.

---

சேதுக்கரை76:

மிக்க நன்றி இருவருக்கும். நகர அளவைப் பதிவேடு பார்த்தாயிற்று, அப்பா பெயர்தான் இருக்கிறது. வழிகாட்டி மதிப்பும் காட்டுகிறது. ஆனால் பரப்பு ஏறக்குறைய 6.2 சென்ட் என்று வருகிறது, பத்திரத்தில் 7. பத்திரத்தில் கிழக்கு எல்லை "கடற்கரைக்கு மேற்கு" என்று போட்டிருக்கிறது. இது பிரச்சினையா? கூரை பற்றியும் யாராவது சொல்லுங்கள்.

---

வில்லங்கப்பார்வை:

எதிர்பார்த்ததுதான். பழைய பத்திரங்களில் கடற்கரையை எல்லையாக எழுதி, கரைப் புறம்போக்கையும் சேர்த்து அளந்து பரப்பு போட்டிருப்பார்கள். நகர அளவையில் புறம்போக்கு தனியாகப் பிரிந்துவிடும். 6.2-ஐ விற்கிறேன் என்று எழுதுங்கள். 7-க்கு விலை பேசி வாங்கினால் 0.8 சென்டுக்கான பணத்தைத் திருப்பித் தரும் நிலை வரும். சர்வேயருக்கு மனு கொடுத்து அளந்து கல் ஊன்றிக்கொள்ளுங்கள். அளக்கும்போது இரண்டு பக்கத்து வீட்டாரையும் கூப்பிட்டு நிற்க வையுங்கள். கிரையப் பத்திரத்தில் பழைய சர்வே எண், புதிய நகர அளவை எண், வார்டு, பிளாக் நான்கும் வர வேண்டும். இல்லாவிட்டால் வாங்குகிறவருக்குப் பட்டா மாறுதல் தடைபடும்.

---

கொத்துக்கரண்டி:

கூரைக்கு வருவோம். பூசி வெள்ளையடிச்சுக் காட்டாதீங்க. கடற்கரை ஊரில் வீடு வாங்க வர்றவங்க இப்ப கூடவே ஒரு இன்ஜினியரைக் கூட்டிட்டு வர்றாங்க. அவர் சின்னச் சுத்தியலை எடுத்துக் கூரையைத் தட்டுவார். நல்ல கான்கிரீட் "டங்"குனு கேட்கும், உள்ளே விட்டுப்போன இடம் "டொப்"புனு கேட்கும். புதுப் பெயின்ட் வாசம் போகாத கூரையில் "டொப்"புனு கேட்டா, அதுக்கப்புறம் நீங்க சொல்ற எதையும் நம்ப மாட்டார்.

கம்பி ஏன் தெரியுதுன்னா, உப்புக் காத்துல இருக்கிற குளோரைடு கான்கிரீட் துளைகள் வழியா உள்ளே இறங்கி கம்பிக்குப் போயிடும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் எடுக்கும். அந்த நெருக்கத்துல கீழ்ப்பக்கக் காரை பிளந்து விழும். 1980-கள்ல கூரைக்குக் கீழ்க்கவசம் (கம்பியைக் கீழே மூடுற கான்கிரீட்) 15, 20 மில்லிமீட்டர்தான் விடுவாங்க. கடலோரத்துல வெளியே திறந்து நிக்கிற கான்கிரீட்டுக்கு இந்தியத் தர நிர்ணயம் 456 கேக்குறது 45 மில்லிமீட்டர். கலவைக்கு உப்புத் தண்ணியோ கடல் மணலோ போட்டிருந்தா துரு உள்ளே இருந்தே ஆரம்பிச்சிருக்கும். அப்ப ஒரு இடத்துல மட்டும் இல்ல, அறை முழுக்க வரும்.

முதல்ல எவ்வளவு சேதம்னு பாருங்க. ஒவ்வொரு அறையா தட்டிப் பார்த்து டொப்பு கேட்கிற இடத்தைச் சாக்பீஸால வட்டம் போடுங்க. தெரியிற கம்பியைக் கம்பித் தூரிகையால வெள்ளை இரும்பு தெரியிற வரைக்கும் தேய்ச்சு வெர்னியர்ல அளங்க. 12 எம்.எம். கம்பி 9-தான் இருந்தா "மூணு எம்.எம்.தானே"ன்னு நினைக்காதீங்க. குறுக்குப் பரப்புல 44 சதவீதம் போயிடுச்சு. கால் பங்குக்கு மேல போயிருந்தா பக்கத்துல புதுக் கம்பி சேர்த்துக் கட்டாம அந்த இடத்தை மூடக் கூடாது.

முன் அறையில் மட்டும்தான் சேதம்னா முறையா சரி செஞ்சிடுங்க. கூரைக்குக் கீழே முட்டுக் குடுத்துட்டு, விட்டுப்போன காரையை எல்லாம் கொத்தி எடுக்கணும். கம்பிக்குப் பின்னாடியும் ரெண்டு செ.மீ. வரைக்கும் போகணும், அங்கதான் எல்லாரும் சோம்பல் படுவாங்க. கம்பியின் மேல்பாதியில துரு இருந்தா ஆறு மாசத்துல திரும்ப வெடிக்கும். நல்ல தண்ணியால கழுவி, கம்பிக்குத் துத்தநாகம் கலந்த பிரைமர், பழைய கான்கிரீட்டுக்குப் பிணைப்புப் பூச்சு, அது காயுறதுக்குள்ள பாலிமர் கலந்த சாந்து. ஒரே தடவைல அப்பாதீங்க, 10-15 மில்லிமீட்டர் அடுக்கா ஏத்துங்க. ஒரு வாரம் ஈரம் காக்கணும். வீட்டுக் கிணத்துத் தண்ணியைக் கலவைக்குத் தொடாதீங்க. கம்பி போட்ட கான்கிரீட்டுக்கான தண்ணியில குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல இருக்கக் கூடாது, அந்தக் கிணத்துல இருக்கிறது அளந்து பார்க்காம தெரியாது. வேலை நடக்கிறப்ப ஒவ்வொரு கட்டத்தையும் போட்டோ எடுத்து வைங்க. அதையே வாங்குறவர்கிட்ட காட்டுங்க, பெயின்டைவிட அது விலை சேர்க்கும்.

இன்னொண்ணு, ஒட்டுப் போட்ட இடத்தின் ஓரத்தைச் சுத்திப் பழைய கான்கிரீட்ல உப்பு இருந்தா, அந்த ஓரத்துல துரு வேகமாகும். அதனால "பத்து வருஷம் ஒண்ணும் ஆகாது"ன்னு வாக்குக் குடுக்காதீங்க.

எல்லா அறையிலும் வட்டம் விழுந்துச்சுன்னா காசு செலவழிக்காதீங்க. கூரை மாத்த வேண்டிய வீடுன்னே சொல்லி, அதுக்கு ஏத்த விலையில குடுங்க. அலைக்கோடு அண்ணன் சொன்ன மாதிரி வாங்குறவருக்கு வேண்டியது அந்த அடித்தளப் பரப்பும் அதுக்கான தாளும்தான்.

பின்கட்டுச் சுண்ணாம்புச் சுவர்ல சிமென்ட் பூச்சு இருந்தா அதையும் பாருங்க. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை இழுத்து வெளியே விடும். மேலே சிமென்ட் போட்டு அடைச்சா ஈரமும் உப்பும் உள்ளே தங்கி, பூச்சு பாளம் பாளமா உரியும். உரிஞ்ச இடத்துல திரும்பச் சுண்ணாம்புப் பூச்சுதான் போடணும். அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் மழை. அதுக்கு முன்னாடி பூச்சு வேலையை முடிச்சு ஒரு மழை பார்த்துட்டு வீட்டைக் காட்டுனா கேள்விக்குப் பயப்பட வேண்டாம்.

---

அலைக்கோடு:

கிணற்றைப் பற்றிக் கொத்துக்கரண்டி தொட்டுவிட்டுப் போய்விட்டார். தீவில் அது தனி விலை. மழைநீர் மணலில் இறங்கி, கீழே இருக்கும் கடல்நீர் மேல் மிதக்கும். நல்ல நீர்மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 மீட்டர் வரை நல்ல நீர் என்பது பொதுவான கணக்கு. மேல்மட்டம் கால் மீட்டர் இறங்கினாலே அடியில் 10 மீட்டர் உப்பு ஏறிவிடும். ஆழ்துளை போட்டு வேகமாக இழுத்தால் மோட்டாருக்கு நேர் கீழே உப்பு கூம்பாக எழும்பி வரும். அதனால்தான் ஆழமில்லாத திறந்த கிணறு இனிப்பாகவும் பக்கத்துப் போர் கரிப்பாகவும் இருக்கும்.

விற்பதற்காகப் புதிதாகப் போர் போட்டு வைக்காதீர்கள். கோடையில் ஒரு மணி நேரம் மோட்டார் ஓடிய பிறகு மாதிரி எடுத்து ஆய்வகத்தில் கொடுங்கள். கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் என்றால் நல்ல குடிநீர். வேறு வழி இல்லாத இடத்தில் 2000 வரை தாங்கலாம் என்கிறது தரநிர்ணயம். அந்த ஆய்வறிக்கையை விற்பனைக் காகிதங்களோடு சேர்த்து வையுங்கள். வருகிறவர் கையில் மீட்டர் கொண்டு வந்து அளந்தாலும் அதே எண் வர வேண்டும்.

---

கணக்குப்பிள்ளை_ராம்நாடு:

வரி. சுருக்கமாக.

முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம் வாங்குகிறவர் செலவு. வழிகாட்டி மதிப்பு, பேசிய விலை இரண்டில் எது கூடுதலோ அதன் மேல். பதிவுக்குச் சொத்தின் புவியிடக் குறியீடு உள்ள புகைப்படம் வேண்டும். வீடு நிற்கும்போது காலிமனை என்று எழுதிச் செலவைக் குறைக்கும் பழைய வழி இதனால் அடைபட்டது. தரகர் இடிக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

விற்கிறவர்களுக்கு மூலதன ஆதாய வரி, அவரவர் பங்குக்குத் தனித்தனி. வாரிசுச் சொத்து என்பதால் அப்பாவின் விலைதான் அடக்கவிலை. 2001 ஏப்ரல் 1-க்கு முன் வாங்கியது என்பதால் அன்றைய சந்தை மதிப்பை எடுத்துக்கொள்ளலாம், அன்றைய வழிகாட்டி மதிப்பைத் தாண்டாமல். இந்தியாவில் இருக்கும் மூவருக்கும் இரண்டு வழி: குறியீட்டு உயர்வு (விலைவாசிக்கு ஏற்ப அடக்கவிலையை உயர்த்திக்கொள்வது) இல்லாமல் 12.5 சதவீதம், அல்லது குறியீட்டோடு 20 சதவீதம். 2025-26-க்குக் குறியீடு 376. கணக்குப் போட்டுப் பார்த்தால், விற்கும் விலை 2001 மதிப்பைப் போல சுமார் 8.4 மடங்குக்கு மேல் போனால் 12.5 தான் லாபம். எடுத்துக்காட்டாக 2001 மதிப்பு 4 லட்சம், விலை 60 லட்சம் என்றால் 12.5-ல் வரி 7 லட்சம், 20-ல் ஏறக்குறைய 9 லட்சம். மேல்வரி தனி. சிங்கப்பூர் மகளுக்கு இந்தத் தேர்வு கிடையாது, 12.5 மட்டும்.

வாங்குகிறவர் விலையில் இருந்தே வரியைக் கழித்துக் கட்டும் பிடித்தம்தான் சிக்கல் தரும் இடம். மொத்த விலை 50 லட்சம் அல்லது மேல் என்றால் வாங்குகிறவர் உள்நாட்டுப் பங்குகளில் 1 சதவீதம் பிடிக்க வேண்டும். நான்கு பேருக்குப் பிரித்தால் வரம்புக்குக் கீழே போய்விடும் என்று நினைக்க வேண்டாம், மொத்தம்தான் கணக்கு. வெளிநாட்டில் இருப்பவர் பங்குக்கு 50 லட்ச வரம்பே கிடையாது. ஆதாயத்தின் மேல் இல்லாமல் அவருக்குக் கொடுக்கும் முழுத் தொகையின் மேல் 12.5-ம் மேல்வரியும் பிடிப்பார்கள். வருமான வரித் துறையிடம் குறைந்த பிடித்தச் சான்று வாங்கினால் தப்பலாம். அதற்கு வாரங்கள் ஆகும், ஆகவே ஒப்பந்தம் போட்ட உடனே விண்ணப்பியுங்கள். அவர் பணம் அவருடைய என்.ஆர்.ஓ. கணக்குக்கு (வெளிநாட்டில் வாழ்பவர் இந்தியாவில் வைக்கும் ரூபாய்க் கணக்கு) நேராகப் போக வேண்டும், அண்ணன் கணக்குக்குப் போட்டுப் பிறகு அனுப்பும் வழக்கம் வேண்டாம்.

முன்பணம் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்காதீர்கள். வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரும்.

---

சேதுக்கரை76:

இடிக்கப் போவதில்லை என்று தரகரிடம் சொல்லிவிட்டோம். கடைசியாக ஒன்று: ஒப்பந்தத்தைப் பதிய வேண்டுமா, வெள்ளைத்தாளில் போதுமா?

---

வில்லங்கப்பார்வை:

தமிழ்நாட்டில் 2012 டிசம்பரில் இருந்து கிரைய ஒப்பந்தம் கட்டாயப் பதிவு. பதிந்தால் அது வில்லங்கத்தில் ஏறும். பேரம் முறிந்தால் ரத்துப் பத்திரத்தில் வாங்குகிறவரும் கையெழுத்துப் போட வேண்டும். அவர் போடாமல் இழுத்தால் வேறு யாருக்கும் விற்க முடியாமல் வீடு கிடக்கும். ஆகவே பவர் முத்திரை, பட்டா, அளவை, வரைபடம் நான்கும் கையில் வந்த பிறகு, பணம் உறுதியாக உள்ளவரோடு மட்டும் 3 மாதக் கெடுவில் பதியுங்கள். ஒப்பந்தத்தில் மூன்று வரி கண்டிப்பாக வரட்டும்: சி.ஆர்.இசட். வகையைக் காட்டும் வரைபடம் வாங்குகிறவரிடம் கொடுக்கப்பட்டது. லாட்ஜ் உள்ளிட்ட எந்தப் பயன்பாட்டு மாற்றத்துக்கும் விற்கிறவர் பொறுப்பில்லை. கூரையின் நிலையை வாங்குகிறவர் தன் பொறியாளரை வைத்துப் பார்த்துக்கொண்டார். கெடு முடிந்தால் முன்பணம் எப்படித் திரும்பும், ரத்துக்கு எத்தனை நாளில் வர வேண்டும் என்பதையும் எழுதச் சொல்லுங்கள். பத்திர எழுத்தர்களின் வழக்கமான மாதிரியில் இவை இருக்காது, நீங்கள்தான் கேட்டுச் சேர்க்க வேண்டும்.